கடல், மீன், காசு: மீன்வளப் பொருளாதார ஆய்வுக்குள் புதிதாக வருகிறவர்களுக்கு

மீன்வளப் பொருளாதாரத்தில் ஏதாவது ஆய்வு செய்யவேண்டும் என்று வருகிறவர்களில் பொருளாதாரம் படித்தவர்கள் உண்டு, மீன்வளக் கல்லூரி மாணவர்கள் உண்டு, பத்திரிகைக்காரர்கள், தொண்டு நிறுவனத்தில் இருப்பவர்கள், அப்பா கடலுக்குப் போய்ப் படிக்கவைத்த பிள்ளைகளும் உண்டு. பொருளாதாரம் படித்தவருக்குச் சூத்திரம் தெரியும், சூடைக்கும் சாளைக்கும் வித்தியாசம் தெரியாது. கடற்கரையில் பிறந்தவருக்கு மீன் தெரியும், அந்த அறிவை ஆய்வாக மாற்றுவது எப்படி என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். இருவருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் தமிழ்நாட்டுக் கரையிலிருந்தே எடுத்திருக்கிறேன், காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்த கரை அதுதான், தமிழில் படிக்கிற பலருக்கும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பதும் அதுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் மீனை எண்ணுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மீன் விற்ற காசு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது, நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பொறுமையாகப் பின்தொடர்கிறவர்கள்தான் குறைவு. உங்கள் ஆய்வு அந்த இடத்தில் நின்றால் அதற்கு மதிப்பு உண்டு.

முதல் படி: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"நீலப் பொருளாதாரமும் நிலையான வளர்ச்சியும்" என்று தலைப்பு வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் மூன்று வருடம் கழித்தும் அதே இடத்தில்தான் இருப்பீர்கள். ஒரு ஊர், ஒரு வகைப் படகு, ஒரு கொள்கை என்கிற அளவுக்குக் கேள்வியைக் குறுக்க வேண்டும். மாதிரிக்குச் சில: நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் டீசல் விலை ஏறும்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாளைக் குறைக்கின்றனவா, அல்லது ஒவ்வொரு முறையும் அதிக நாள் தங்கி ஈடுகட்டுகின்றனவா? தடைக்காலம் (ஆண்டுதோறும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத நாட்கள்) முடிந்து படகுகள் இறங்கும் முதல் பத்து நாளில் மீன் விலை எவ்வளவு விழுகிறது, அந்த வீழ்ச்சியால் நாட்டுப்படகுக்காரருக்கு என்ன ஆகிறது? கரைக்கு வரும் சங்காயம் (சாப்பிட விலைபோகாத கலப்புச் சிறுமீன்) மீன்தூள் ஆலைக்குப் போக ஆரம்பித்த பிறகு இழுவைமடிப் படகின், அதாவது கடலடியில் வலையை இழுத்துப் பிடிக்கும் படகின், லாப நட்டக் கணக்கு எப்படி மாறியது?

எனக்குப் பிடித்த இன்னொரு கேள்வி: 2017இல் பாக் நீரிணைப் பகுதி இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீனவர் கையிலிருந்து 10 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. ஆனாலும் இலக்காக வைத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை. ஏன்? ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகிய ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கத் தயாரா, சூரைக்கு ராமேஸ்வரத்தில் வாங்குகிற ஆள் இருக்கிறாரா, கடன் தவணையைத் தடைக்காலத்திலும் கட்டவேண்டுமா, ஏற்கெனவே ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் என்ன ஆகும்? இப்படி உடைத்தால் ஒவ்வொன்றும் தனி ஆய்வு.

இரண்டாம் படி: அடிப்படைக் கோட்பாடு, ஒரு வாரம் போதும்

கோட்பாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்காட் கார்டன் என்ற கனடாப் பொருளாதார அறிஞர் 1954இல் எழுதிய ஒரே ஒரு கட்டுரையில்தான் இந்தத் துறையின் அஸ்திவாரம் இருக்கிறது. அதைச் சூத்திரம் இல்லாமல் இப்படிச் சொல்லலாம்.

ஒரு விரிகுடாவில் 100 படகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காகச் சொல்கிற எண்கள்தான்). ஒவ்வொரு படகும் ஒருமுறை போய்வந்தால் 40,000 ரூபாய்க்கு மீன், 30,000 ரூபாய் செலவு. கையில் நிற்பது 10,000. இதைப் பார்த்து இன்னொருவர் படகு கட்டுகிறார், அப்புறம் இன்னொருவர். கடலில் இருக்கும் மீன் கூடவில்லை, அதே 40 லட்சம்தான் எல்லாருக்குமாகப் பிரிகிறது. 133 படகு ஆகும்போது ஆளுக்கு 30,000 சொச்சம் கிடைக்கும், செலவும் அதேதான். முன்பு மிஞ்சிய 10 லட்சம் எங்கே போயிற்று? டீசலாக, மரமாக, வலையாகக் கடலில் கரைந்துவிட்டது. யாரும் தப்புச் செய்யவில்லை, ஒவ்வொருவரும் தன் அளவில் சரியாகத்தான் கணக்குப் போட்டார்கள். உலக அளவில் இப்படிக் கரைந்து போவதை உலக வங்கி 2017இல் மதிப்பிட்டுச் சொன்னது: 2012ஆம் ஆண்டுக்கு மட்டும் 8,300 கோடி டாலர்.

இப்போது அதே கணக்கில் அரசு டீசல் மானியம் கொடுத்துச் செலவை 28,000 ஆக்கினால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் எல்லாருக்கும் 2,000 மிஞ்சும். பிறகு படகு எண்ணிக்கை 142 வரை ஏறி, மறுபடியும் பூஜ்யம். 2022 ஜூன் 17இல் உலக வர்த்தக அமைப்பில் மீன்பிடி மானிய ஒப்பந்தம் ஏற்கப்பட்டதற்குப் பின்னால் இருக்கும் பொருளாதார வாதங்களில் இது முக்கியமானது. ஆனால் இதை வைத்துக்கொண்டு "மானியத்தை நிறுத்து" என்று அவசரமாக எழுதிவிடாதீர்கள். மானியத்தை ஒரே நாளில் எடுத்தால் படகு முதலாளிக்கு நட்டம், கூலியாகப் போகிற ஆளுக்குப் பட்டினி. இரண்டும் ஒன்றாகாது. அந்த வித்தியாசத்தை எடுத்துக்காட்டுவதுதான் நம் வேலை.

கார்டனின் கணக்கு கட்டுப்பாடே இல்லாத கடலுக்குப் பொருந்தும். நம் கரையில் அப்படி ஒரு கடல் எங்கும் இல்லை. பாக் விரிகுடாவில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்துக்கொண்ட ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலை போடலாம், எது கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, மீறினால் அபராதமும் விதிக்கின்றன. பொதுவளத்தை மக்கள் தாங்களே ஆளமுடியும் என்று காட்டியதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாரின் எழுத்தைக் கார்டனுக்கு அடுத்ததாகப் படியுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நம் கரை புரியும்.

இன்னொரு எச்சரிக்கை. ஐஸ்லாந்து, நியூசிலாந்து பற்றிய கட்டுரைகளில் ஒவ்வொரு மீன் இனத்துக்கும் ஒதுக்கீடு வைத்து, அதை வாங்கி விற்கும் முறை பிரமாதமாக வேலை செய்வதாகப் படிப்பீர்கள். அங்கே ஒரு படகு பெரும்பாலும் சில இனங்களைக் குறிவைத்துப் போகிறது, பிடித்த மீன் எல்லாம் எண்ணிவிடக்கூடிய சில துறைமுகங்களில் இறங்குகிறது. இங்கே ஒரு மடியை இழுத்துக் கொட்டினால் இறால், கணவாய், நண்டு, காரல், சங்கரா, பெயர் தெரியாத குஞ்சு மீன் என்று டஜன் கணக்கில் கலந்து வரும், 1,076 கிலோமீட்டர் கரையில் 600க்கும் மேற்பட்ட ஊர்களில் இறங்கும். எதை யாருக்கு ஒதுக்குவது, யார் எண்ணுவது? வெளிநாட்டு மாதிரியை அப்படியே தூக்கிவந்து வைக்கும் ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

மூன்றாம் படி: யார் கையில் அதிகாரம் என்று பாருங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநில அரசு, அதற்கப்பால் 200 கடல் மைல் வரை மத்திய அரசு. அரசியலமைப்பில் மீன்வளம் மாநிலப் பட்டியலிலும், எல்லைக் கடலுக்கு வெளியே மீன்பிடித்தல் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கு என்பது அதன் விதி. இறால் பண்ணைக்கு 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் தனி.

ஏன் இதெல்லாம் வேண்டும்? சுருக்குமடியை, அதாவது மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலையை, எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலம் 2000இலேயே தடைசெய்த வலை அது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு வெளியே திங்கள், வியாழன் இரு நாளும் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பயன்படுத்தலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. 12 மைல் போய்வரும் டீசலும் நேரமும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அந்த அனுமதி ஒரு படகுக்கு லாபமா நட்டமா? சட்டத்தின் ஒரு வரி நேராகச் செலவுக் கணக்கின் ஒரு வரியாக மாறுகிறது பாருங்கள்.

கடல் கடந்த சட்டங்களும் நம் ஏலக்கூடம் வரை வருகின்றன. இழுவை வலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தவில்லை என்ற காரணத்தால் இந்தியாவின் கடல் இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை. வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை கிடையாது. இரண்டு இறாலின் விலையும் இதனால் எப்படிப் பிரிந்து போனது என்பதே நல்ல ஆய்வுத் தலைப்பு.

நான்காம் படி: புள்ளிவிவரம் எடுங்கள், எடுத்ததைச் சந்தேகப்படுங்கள்

எங்கே கிடைக்கும் என்று முதலில். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது, இப்போது தலைமையிடம் கொச்சி. ஆண்டுதோறும் மாநிலவாரியாக, மீன் வகைவாரியாக இறங்கிய அளவை வெளியிடுகிறார்கள், இறங்குதள விலையிலும் சில்லறை விலையிலும் மதிப்பிட்டுச் சொல்கிறார்கள். கடல் மீனவர் கணக்கெடுப்பு 2005, 2010, 2016 ஆண்டுகளுக்கு ஊர்வாரியாகவே இருக்கிறது: குடும்பம், படகு, வலை, படிப்பு எல்லாம். ஏற்றுமதிக்கு கடல் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். உலக அளவுக்கு ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இலவச மென்பொருளோடு தரவைத் தருகிறது. தமிழ்நாடு மீன்வளத்துறை ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. திட்டத்தின் பெயர், ஒதுக்கிய தொகை, பயனடைந்தோர் எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் எந்தத் திட்டம் சத்தமில்லாமல் காணாமல் போனது என்பதும் தெரியும். இதிலும் கிடைக்காததற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் அவகாசம். "எல்லா விவரமும் தருக" என்று கேட்காதீர்கள். "இந்த மாவட்டத்தில் இந்த நிதியாண்டில் வரி நீக்கிய டீசல் எத்தனை லிட்டர், எத்தனை படகுகளுக்கு" என்று ஒற்றை ஒற்றைக் கேள்வியாகக் கேளுங்கள்.

சரி, இனி சந்தேகம். இறங்கிய மீனும் பிடித்த மீனும் ஒன்றாகாது. மதிப்பில்லை என்று கடலிலேயே கொட்டிய மீன் எந்தக் கணக்கிலும் வராது. அடுத்தது இன்னும் நுட்பமானது: மீன் எங்கே இறங்கியதோ அந்த ஊர்க் கணக்கில்தான் ஏறும், எங்கே பிடிபட்டதோ அந்தக் கடலின் கணக்கில் ஏறாது. ராமேஸ்வரம், ஜெகதாப்பட்டினம் கரையில் இறங்கும் மீனில் ஒரு பங்கு எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிடிபட்டது என்பது இரு கரையிலும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். 1974, 1976 ஒப்பந்தங்களில் கோடு போடப்பட்டது, 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டமாகவே தடைசெய்தது, இன்றுவரை படகுகள் பிடிபடுகின்றன. அப்படியிருக்கும்போது ராமநாதபுரத்துப் புள்ளிவிவரத்தைப் பார்த்து "மீன் குறையவில்லை, வளம் நன்றாக இருக்கிறது" என்று எழுதினால், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வலையை இழந்த மீனவரின் நட்டத்தை நம் கரையின் வளமாக எழுதிவிட்டோம் என்று ஆகும். இது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். பாக் நீரிணையைப் பற்றி எழுதுகிறவர் யாராக இருந்தாலும் எதிர்க்கரையின் கணக்கையும் ஒரு பத்தியாவது எழுதவேண்டும்.

மூன்றாவது, "படகு ஒன்றுக்கு இவ்வளவு மீன்" என்ற கணக்கு. 1990இல் இருந்த விசைப்படகும் இன்று இருப்பதும் ஒரே படகல்ல. இன்று எஞ்சின் பெரிது, வலை பெரிது, மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி இருக்கிறது, இடம் காட்டும் கருவி இருக்கிறது, ஐஸ் அறை பெரிதாகித் தங்குகடல் (பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிப்பது) போகமுடிகிறது. படகு எண்ணிக்கை அப்படியே இருந்தும் மீன்பிடிக்கும் சக்தி பல மடங்கு கூடியிருக்கலாம். அதனால் படகை எண்ணாமல் குதிரைத்திறன், கடலில் இருந்த மணிநேரம், எரித்த டீசல் இவற்றில் எது கிடைக்கிறதோ அதை வைத்துக் கணக்கிடுங்கள். டீசல் அளவு பெரும்பாலும் கிடைக்கும். விலைகளை ஒப்பிடும்போது பணவீக்கத்தைக் கழிக்க மறக்காதீர்கள், பாதி "மீனவர் வருமானம் இரட்டிப்பு" செய்திகள் இந்த ஒரு கழித்தலில் காணாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: கரைக்குப் போங்கள்

இங்கேதான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போகவேண்டும்.

முதலில் போய் நிற்கவேண்டிய இடம் ஏலக்கூடம். படகு வரும் நேரம் தெரிந்துகொண்டு அதற்கு முன்பே போய்விடுங்கள். கையில் கேள்வித்தாள் வேண்டாம், சில நாள் சும்மா பாருங்கள். யார் ஏலம் போடுகிறார், யாருக்கு முதல் கூவல், எந்த மீன் ஏலத்துக்கே வராமல் நேராக வண்டியில் ஏறுகிறது, கூடை தூக்கிப் போகும் பெண்கள் எங்கே நிற்கிறார்கள், அவர்கள் கைக்கு எந்த மீன் வருகிறது. அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களைப் பார்த்து, நீங்கள் யார், எதற்கு வந்திருக்கிறீர்கள், முடிவில் ஊருக்கு என்ன தருவீர்கள் என்று சொல்லுங்கள். "அண்ணாச்சி", "ஐயா", "அம்மா", "அக்கா" என்று அந்தந்த ஊர் வழக்கப்படி பேசுங்கள். விசைப்படகுச் சங்கம் வேறு, நாட்டுப்படகுச் சங்கம் வேறு, இரண்டு பக்கமும் போகவேண்டும். ஒரு பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கத்து ஆள் என்ற பெயர் வந்துவிடும், பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.

கேள்வித்தாளின் மையம் ஒரே ஒரு பக்கம்: ஒருமுறை கடலுக்குப் போய்வந்த செலவும் வரவும். "மாதம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள்" என்று கேட்டால் மரியாதைக்காக ஏதோ ஒரு எண் சொல்வார்கள். "கடைசியாகப் போனது என்றைக்கு? எத்தனை லிட்டர் டீசல் அடித்தீர்கள்? எத்தனை பார் ஐஸ்? சாப்பாட்டுச் சாமான் எவ்வளவு? எத்தனை பேர் போனீர்கள்? எவ்வளவுக்கு ஏலம் போயிற்று? கமிஷன் எவ்வளவு பிடித்தார்கள்?" என்று கேளுங்கள், பதில் துல்லியமாக வரும். அதற்கு முந்தைய இரண்டு முறையையும் கேளுங்கள். போகாமல் நின்ற நாளையும், போய் வெறுங்கையோடு வந்த நாளையும் கட்டாயம் எழுதுங்கள். நல்ல நாளின் எண் எல்லாருக்கும் நினைவில் நிற்கும், வெறுங்கை நாளை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பெட்டி, கூடை என்று சொன்னால் அந்த ஊர்ப் பெட்டியில் எத்தனை கிலோ என்று நீங்களே நிறுத்துப் பாருங்கள். மீன் பெயர் ஊருக்கு ஊர் மாறும், படம் எடுத்து அறிவியல் பெயரோடு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பங்கு முறை. விசைப்படகில் போகிறவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்ற பணத்திலிருந்து டீசல், ஐஸ், சாப்பாடு, கமிஷன் எல்லாம் கழித்து மிச்சத்தைப் படகு உரிமையாளருக்கும் தொழிலாளருக்கும் பிரிப்பார்கள், விகிதம் ஊரைப் பொறுத்து மாறும். இதன் விளைவு பெரியது. டீசல் விலை ஏறினால் தொழிலாளியின் வருமானம் நேராகக் குறையும், ஏனென்றால் பங்கு பிரிப்பதற்கு முன்பே டீசல் கழிகிறது. மற்ற தொழில்களில் முதலாளி மட்டும் சுமக்கிற செலவை இங்கே கடைசி ஆள்வரை சுமக்கிறார். "கூலி" என்று ஒரு கட்டம் போட்டு ஒரு எண்ணை நிரப்பினால் இது உங்கள் கண்ணில் படவே படாது. பங்கை எப்படிப் பிரித்தார்கள் என்று வரிவரியாகக் கேளுங்கள்.

கடன் அதைவிட முக்கியம். படகு கட்ட, எஞ்சின் மாற்ற, வலை வாங்க ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்கியிருப்பார்கள். பெரும்பாலும் அதற்கு வட்டி என்று தனியாக எதுவும் இருக்காது. பதிலாக, மீனை அவரிடமேதான் விற்கவேண்டும், அவர் கமிஷன் பிடிப்பார், சில இடங்களில் விலையும் கொஞ்சம் குறைத்தே போடுவார். அப்படியானால் உண்மையான வட்டி எவ்வளவு? வெளிச்சந்தை விலைக்கும் இவருக்குக் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வருட மீனால் பெருக்கி, கமிஷனையும் சேர்த்து, முன்பணத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் சதவீதத்தை வங்கி வட்டியோடு ஒப்பிடுங்கள். ஆனால் ஏலக்காரரை வில்லனாக எழுதி முடித்துவிடாதீர்கள். தடைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கு, புயலில் வலை போனால் மறுநாளே கைக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று ஜாமீன் கேட்காமல் பணம் தருகிறவரும் அவர்தான். வங்கி ஏன் அந்த இடத்தில் இல்லை என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

பெண்களின் வேலையைத் தனியாகக் கணக்கெடுங்கள். ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, ஆட்டோவுக்குக் கொடுத்து, தெருத்தெருவாக விற்பவர், கருவாடு போடுபவர், மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பவர் யாரும் "மீன்பிடிப்பவர்" என்ற கட்டத்தில் வரமாட்டார்கள். தடைக்கால நிவாரணமும் படகுக் கணக்கும் பேசுகிற கொள்கைக்கு அவர்களுடைய இழப்பு தெரிவதே இல்லை.

கடைசியாக ஒன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எல்லை தாண்டினீர்களா, தடைசெய்த வலை வைத்திருக்கிறீர்களா என்பது போன்ற கேள்விகளுக்கு வரும் பதிலோடு பெயரையோ படகின் பதிவு எண்ணையோ எழுதாதீர்கள். உங்கள் நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும்.

ஆறாம் படி: வளர்ப்பு மீன் வேறு கணக்கு

2022இல் உலகத்தில் வளர்ப்பு மூலம் கிடைத்த நீர்வாழ் விலங்குகள் 9.44 கோடி டன், முதல்முறையாகப் பிடித்ததைவிட வளர்த்தது அதிகம். இந்தியாவின் 2023-24 கடல் பொருள் ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய், அதில் உறைந்த இறால் மட்டும் 40,013 கோடி. பெரும்பங்கு 2009இல் இங்கே அனுமதிக்கப்பட்ட வன்னாமி என்ற வளர்ப்பு இறால்.

பண்ணையில் வேலி உண்டு, உரிமையாளர் உண்டு, அதனால் கார்டன் சொன்ன சிக்கல் குறைவு. அங்கே சிக்கல் நோயும் விலையும். ஒரு குளம், ஒரு பயிர் என்று கணக்கு எழுதுங்கள்: குஞ்சு, தீவனம், காற்றூட்டிக்கு மின்சாரமும் டீசலும், குத்தகை, ஆள், மருந்து. இதில் தீவனம்தான் பெரிய செலவு, ஒரு கிலோ இறாலுக்கு எத்தனை கிலோ தீவனம் போயிற்று என்பதே பண்ணையாரின் மார்க். விலை கவுண்ட் கணக்கில் போகும், அதாவது கிலோவுக்கு எத்தனை இறால். 30 கவுண்ட் விலை வேறு, 100 கவுண்ட் விலை வேறு, சராசரி விலை எடுத்தால் எதுவும் புரியாது. அதேபோல சராசரி லாபமும் ஏமாற்றும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் சில நாளில் முழுக் குளமும் போய்விடும், 1990களின் நடுவில் கரை முழுக்க அப்படிப் போயிற்று. பத்துப் பயிரில் எத்தனை தோற்றது, தோற்றவர் அடுத்த பயிரைப் போட்டாரா, நிலத்தை விட்டுப் போனாரா என்று கேட்டால்தான் தொழிலின் உண்மை முகம் தெரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை ஏற்றியபோது பண்ணைவாசல் விலை எத்தனை நாளில் எவ்வளவு இறங்கியது, வரியை யார் தலையில் கட்டினார்கள் என்பது நல்ல கேள்வி.

வேலிக்கு வெளியே போகும் செலவையும் எழுதவேண்டும். உப்பு நீர் கசிந்து பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டதைப் பற்றிய வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. தொடுத்தவர் காந்தியவாதி ஜெகந்நாதன், களம் அன்றைய தஞ்சை, நாகைப் பகுதி. இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாமல் கடலுக்கே திரும்புகிறது: தீவனத்துக்கு மீன்தூள், மீன்தூளுக்குச் சங்காயம், சங்காயத்தில் வளர்ந்தால் நல்ல விலை போயிருக்கக்கூடிய குஞ்சு மீன்கள். கடல்பாசி வளர்ப்பிலும் இதே கவனம் வேண்டும். மண்டபம் பக்கம் கப்பாபைகஸ் பாசி பல பெண்களுக்கு வருமானம் தருகிறது, அதே பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறை மேல் படர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

ஏழாம் படி: ஒப்பிடும்போது கவனம்

"தடைக்காலம் வந்த பிறகு மீன் கூடியது, ஆகவே தடை வெற்றி" என்று எழுதுவது சுலபம். தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாக ஆரம்பித்து 2017இலிருந்து 61 நாளாக இருக்கிறது. இந்த இடைவெளியில் எஞ்சின் மாறியது, சுனாமிக்குப் பிறகு படகு கூடியது, கடல் சூடானது, மத்தி வந்தது போனது. இதில் தடையின் பங்கு எது என்று பிரிக்க, தடை இல்லாத ஒரு ஒப்பீடு வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தைப் பாருங்கள்: கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், அடுத்தடுத்த ஊர்கள், வேறு வேறு தேதி. சின்னமுட்டத்தில் படகு நிற்கும்போது குளச்சல் பக்கம் ஓடும். விலை, வேலை, கடன் மூன்றையும் இரண்டு கரையிலும் ஒரே வாரங்களில் எடுத்தால் அருமையான ஒப்பீடு கிடைக்கும். மேற்கே தடை வரும் மாதங்களில்தான் தென்மேற்குப் பருவக்காற்றும் அடிக்கும் என்பதையும், தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் கொச்சியில் போய் மீனை இறக்கும் என்பதையும் மறந்துவிட்டால் அந்த ஒப்பீடு கெட்டுவிடும்.

மென்பொருள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தொடங்குவதற்கு எக்செல் போதும். நூறு போய்வரவுகளின் செலவு வரவைச் சுத்தமாக உள்ளிட்டு, சராசரியை விட்டுவிட்டு நடுமதிப்பையும் அடிமட்டக் கால்வாசியையும் பாருங்கள். பிறகு ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு சுருக்கம் தயாரித்து ஊரில் படித்துக் காட்டுங்கள். "இந்த எண் தப்பு, அந்த மாதம் கடல் அடித்தது" என்று ஏலக்கூடத்தில் ஒருவர் சொல்லும் திருத்தம் எந்தப் பேராசிரியரும் தரமுடியாதது. அந்தச் சுருக்கம் நாளை அவர்கள் மீன்வளத்துறை உதவி இயக்குநரிடம் கொண்டுபோகும் மனுவோடு சேர்ந்து போகவும் கூடும்.

எப்போது ஆரம்பிப்பது? கிழக்குக் கரை என்றால் ஜனவரியில் ஊரைத் தேர்ந்து, பிப்ரவரி, மார்ச்சில் ஏலக்கூடக் கணக்கை எடுத்துவிடுங்கள். ஏப்ரல் 15க்குப் பிறகு படகெல்லாம் கரையேறி மராமத்து நடக்கும், உரிமையாளரும் தொழிலாளரும் படகடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். கடன், பங்கு, படகின் விலை, எஞ்சின் வயது போன்ற நீளமான கேள்விகளை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15 அதிகாலையில் மறுபடி ஏலக்கூடத்தில் இருங்கள், முதல் பத்து நாள் விலையைத் தினமும் குறித்துவிட்டால் ஒரு கட்டுரைக்கு வேண்டிய தரவு கையில் இருக்கும்.